அமில நிலமும் காட்டு ஆளுகையும்: நீலகிரி மேட்டுநிலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழர் நிலத்தைத் திணைகளாகப் பகுத்துக் கண்டமை குறித்த ஆய்வுகள் பல. திணைக்குரிய பூ, மரம், புள், விலங்கு, தொழில், யாழ், பறை ஆகியன தனித்தனியே விரிவாக ஆராயப்பெற்றுள்ளன. அக்கருப்பொருள்கள் அனைத்தையும் தாங்கி நிற்கும் மண்ணைப் பற்றிய ஆய்வு அந்த அளவிற்கு நிகழவில்லை. குறிஞ்சித் திணைக்குரிய உயர்மலைப் பகுதிகளில் மழை மிகுந்த இடங்களின் மண் பெரும்பாலும் அமிலத் தன்மை உடையது. அங்குக் காடு தழைத்ததும், காட்டை எரித்துத் தினை விளைத்ததும், பிற்காலத்தில் அயல்நாட்டு மரங்கள் நடப்பெற்றதும், இன்று அம்மரங்களை அகற்ற முயல்வதும் ஆகிய எல்லா நிகழ்வுகளும் மண்ணின் இவ்வொரு பண்போடு தொடர்புடையன.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அமில நிலங்களை வெவ்வேறு காலத்தவர் எவ்வாறு புரிந்துகொண்டனர், அப்புரிதலுக்கேற்பக் காடுகளை எவ்வாறு ஆண்டனர் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். நிலம்பூரும் நீலகிரியும் இதற்குக் களங்களாகக் கொள்ளப்பெறுகின்றன. மண்ணியல், வனவியல் துறைகளின் முடிவுகளோடு தமிழ்ச் சொல்வழக்கு தரும் சான்றுகளும் இணைத்து நோக்கப்பெறுகின்றன.

அமில நிலத்தின் இயல்பு

மண்ணின் கார அமில நிலை 7 என்னும் அளவிற்குக் கீழ் இறங்குமாயின் அம்மண் அமிலத் தன்மை உடையதாகும். இவ்வளவுகோலை டென்மார்க்கு நாட்டு வேதியியலார் சோரன்சன் 1909-இல் வகுத்தார். அளவுகோலில் ஓர் அலகு குறையும்போது அமிலத் தன்மை பத்து மடங்கு கூடும். எனவே 6 என்பதற்கும் 5 என்பதற்கும் இடையிலான வேறுபாடு எண்ணளவில் சிறிதெனினும் பயிரளவில் பெரிது.

மழை மிகுந்த மலைப்பகுதிகளில் மழைநீர் சுண்ணச்சத்து, மக்னீசியம், சாம்பல்சத்து ஆகிய காரச்சத்துகளைக் கரைத்துக் கீழே கொண்டுசெல்கிறது. இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்கின்றன. கார அமில நிலை ஏறத்தாழ 5.5-க்குக் கீழ் இறங்கும்போது அலுமினியம் கரைந்து பயிர்களின் வேர் நுனிகளை நலிவிக்கிறது. மணிச்சத்து இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து வேருக்கு எட்டாமற் போகிறது. இந்தியாவில் ஏறத்தாழ 4.9 கோடி எக்டேர் நிலம் அமிலத் தன்மை உடையதென மண்ணியலார் மதிப்பிட்டுள்ளனர். வடகிழக்கு மாநிலங்கள், சோட்டா நாகபுரி மேட்டுநிலம், மேற்குத் தொடர்ச்சி மலை ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

இத்தகைய மண்ணில் அடர்ந்த காடு எவ்வாறு நிலைபெறுகிறது என்னும் வினா எழுவது இயல்பு. காட்டின் காரச்சத்துகளில் பெரும்பகுதி மரத்தின் உடலிலும் நிலத்தின் மேற்பரப்பிலுள்ள சருகிலும் மட்கிலும் தங்கியிருக்கிறது. உதிர்ந்த இலை மட்கும்போது வெளிப்படும் சத்துகளை, மழைநீர் அடித்துச் செல்லுமுன், மேற்பரப்பில் வலைபோற் பரந்துள்ள நுண்வேர்களும் வேரோடு இணைந்து வாழும் பூசணங்களும் மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. இச்சுழற்சி அறுபடாதவரை காடு வாழும். அறுபடுமாயின் வறிய மண்ணே எஞ்சும்.

தாவரங்கள் சில அலுமினியத்தை இலையில் சேர்த்துவைக்கும் ஆற்றல் பெற்றவை. மலைக்காட்டு மரமாகிய வெள்ளிலோத்திரத்தின் இனமும், முல்லை நிலத்துப் பூவாக இலக்கியங்களில் இடம்பெறும் காயாவின் இனமும் இவ்வகையின. சாயமிடுவோர் இவற்றின் இலையையும் பட்டையையும் துணியில் நிறம் பற்றும் பொருட்டுப் பயன்படுத்தி வந்தனர். படிகாரம் செய்யும் பணியை இவற்றிலுள்ள அலுமினியம் செய்தது. அமில நிலத்தின் பண்பொன்று வேதியியல் பெயர் பெறுமுன்னரே கைத்தொழிலில் பயன்பட்டமை இதனாற் புலனாகிறது.

ஐரோப்பியக் காட்டியலார் இவ்வுண்மையை 19-ஆம் நூற்றாண்டில் இழப்பின் வழி உணர்ந்தனர். நடு ஐரோப்பிய உழவர் கால்நடைக் கொட்டிலில் பரப்புவதற்காகக் காட்டுச் சருகைத் தலைமுறை தலைமுறையாக வாரிச் சென்றனர். அக்காடுகள் நலிந்தன. பவேரிய நாட்டு அறிஞர் எபர்மாயர் 1876-இல் வெளியிட்ட நூல் சருகோடு காட்டை விட்டு நீங்கும் சத்துகளின் அளவைக் கணக்கிட்டுக் காட்டியது. சருகு காட்டின் கழிவன்று, அதன் உணவு என்னும் கருத்து அறிவியல் வலிமை பெற்றது அப்போதுதான்.

சொல்வழக்கில் மண்

தமிழில் மண்ணின் குறையைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் களர், உவர் ஆகிய இரண்டும் முதன்மையானவை. இரண்டும் உப்பும் காரமும் மிகுந்த நிலத்தைச் சுட்டுவன. திருக்குறளில் கல்லாதவர்க்குக் களர் நிலம் உவமையாகிறது. சோழர் காலச் செப்பேடுகளில் கொடைநிலத்தின் உறுப்புகளை அடுக்கிக் கூறும் பகுதியிலும் களரும் உவரும் இடம்பெறுகின்றன. நீர்ப்பாசன வேளாண்மை நிகழ்ந்த சமவெளியில் உழவரையும் வரி வாங்குவோரையும் ஒருங்கே வருத்திய குறை இதுவாதலின் அதற்குத் தெளிவான பெயர் அமைந்தது.

அமில நிலத்திற்கு இவற்றைப் போன்ற பழஞ்சொல் வழக்கில் இல்லை. 'அமில நிலம்' என்பது தற்கால அறிவியல் ஆக்கம். இதனைக் கொண்டு மலைவாழ் மக்கள் அம்மண்ணின் இயல்பை அறிந்திலர் என முடிவுசெய்தல் பொருந்தாது. சங்க நூல்களில் வழங்கும் இதை, முதை என்னும் இரு சொற்கள் ஈண்டு நோக்கத்தக்கன. இதை என்பது புதிதாகத் திருத்தப்பெற்ற கொல்லை. முதை என்பது பழங்கொல்லை. இதைப்புனம், முதைப்புனம் என இவை புனத்தோடு சேர்ந்து வழங்கும். சமவெளி உழவர் நிலத்தை அதன் குணத்தால் பெயரிட்டனர். காட்டு வேளாண்மை செய்தோர் அதே நிலத்தை அதன் அகவையால் பெயரிட்டனர். எரித்துத் திருத்திய ஆண்டிலிருந்து மண்ணின் வளம் மாறிக்கொண்டே செல்லும் நிலத்தில், நிலையான குணப்பெயரைவிட அகவைப் பெயரே பயன் மிக்கது. அமில நிலத்தைப் பற்றிய அறிவு இச்சொற்களுள் பொதிந்துள்ளது எனக் கொள்ளுதல் தகும்.

புனமும் சாம்பலும்

குறிஞ்சிப் பாடல்களில் புனம் என்பது காட்டை வெட்டி எரித்துத் தினை விதைத்த இடமாகும். அகில், சந்தனம் ஆகிய மரங்கள் எரிக்கப்பெற்றதும், மகளிர் கிளி கடிந்ததும், அறுவடைக்குப்பின் தாள் மட்டும் நின்றதும் பாடல்களில் பலவாறு இடம்பெறுகின்றன. களவு ஒழுக்கத்தின் கால எல்லையைத் தினையின் முதிர்ச்சி வரையறுப்பது இலக்கிய மரபு. அம்மரபின் அடியில் வேளாண்மை முறையொன்றின் கால ஒழுங்கு உள்ளது.

மரம் எரியும்போது அதன் உடலில் பல்லாண்டுகளாகச் சேர்ந்த சுண்ணச்சத்தும் சாம்பல்சத்தும் மக்னீசியமும் சாம்பலாக மண்ணில் படிகின்றன. சாம்பல் காரத் தன்மை உடையது. அது மண்ணின் அமிலத்தைத் தணிக்கிறது. கரைந்த அலுமினியத்தை அடக்குகிறது. பிணைந்துகிடந்த மணிச்சத்தை ஓரளவு விடுவிக்கிறது. சுண்ணாம்பிட்டு நிலம் திருத்துதற்கு இணையான செயலை நெருப்பு ஒரே பருவத்தில் செய்து முடிக்கிறது. ஆயினும் அடுத்தடுத்த மழைகள் அச்சாம்பலின் பயனைக் கரைத்துவிடுகின்றன. இரண்டு மூன்று விளைச்சலுக்குப்பின் களை மிகுந்து, மண் பழைய நிலைக்குத் திரும்பும்போது உழவர் வேறிடம் பெயர்ந்தனர். கைவிடப்பட்ட புனத்தில் காடு மீண்டும் வளர்ந்து காரச்சத்துகளை மேலே கொணர்ந்து சேர்த்தது. தரிசாக விடும் காலம் நீண்டதாக இருந்தவரை இம்முறை நிலைத்தது. மக்கள் தொகை பெருகியோ நிலப்பரப்பு சுருங்கியோ அக்காலம் குறைந்த இடங்களில் மண் தேய்ந்தது.

நீலகிரியின் சரிவுகளில் இருளரும் குறும்பரும் கேழ்வரகும் சாமையும் இம்முறையிலேயே விளைத்து வந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் ஆட்சியாளர் இதனைக் 'குமரி' வேளாண்மை என்று குறித்தனர். அவர்கள் கண்ணுக்கு எரிந்த மரம் தெரிந்தது. மீண்டும் வளரும் காடு தெரியவில்லை. சென்னை மாகாணத்தில் 1856-இல் வனக் காப்பாளராக அமர்த்தப்பெற்ற ஹியூ கிளெகார்ன் குமரியைக் கடுமையாக எதிர்த்தவர். அவரது நூல் 1861-இல் வெளிவந்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ஒதுக்கப்பட்ட காடுகளில் இவ்வேளாண்மைக்கு இடமில்லாமற் செய்தது. கப்பலுக்கும் இருப்புப்பாதைக்கும் மரம் தேவைப்பட்ட காலம் அது. வெட்டுமரத்தைக் காத்தலே வனப் பாதுகாப்பு எனப் பொருள்பட்டது.

நிலம்பூர்த் தேக்கும் மண்ணறிவும்

மண்ணறிவு இன்றி மரம் வளர்க்க இயலாது என்பதை வனத்துறைக்கு முதலில் உணர்த்திய களங்களுள் ஒன்று மலபாரின் நிலம்பூர். மலபார் மாவட்ட ஆட்சியர் கொனோலி கப்பல் கட்டும் மரத்திற்காக 1840-களில் அங்குத் தேக்குத் தோட்டத்தைத் தொடங்கினார். தேக்கு விதையை முளைக்கச் செய்வதே தொடக்கத்தில் பெருஞ்சிக்கலாக இருந்தது. அதனைக் கடந்து தோட்டத்தை வளர்த்தெடுத்த பெருமை சாத்து மேனோனுக்கு உரியது. உலகில் ஒழுங்குற அமைக்கப்பெற்ற தேக்குத் தோட்டங்களுள் இது மிகப் பழையது.

தேக்கு சுண்ணச்சத்தை மிகுதியாக வேண்டும் மரம். கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை உள்ள ஆழமான வண்டல் மண்ணில் அது செழிக்கும். சாலியாற்றின் கரையிலிருந்த வண்டல் நிலத்தில் நட்ட தேக்கு வானளாவ வளர்ந்தது. அத்தோட்டம் தந்த ஊக்கத்தால் செம்புரைக்கல் பரவிய மேட்டிலும் தேக்கு நடப்பட்டது. அங்கு மரம் குறுகி நின்றது. செம்புரைக்கல்லுக்கு அறிவியற் பெயரிட்டவர் பிரான்சிஸ் புக்கானன். அவர் 1800-1801-இல் மைசூர், கன்னடம், மலபார் வழியாகச் சென்ற பயணத்தில் அங்காடிப்புரத்தில் கண்ட இக்கல்லை 1807-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். வெட்டும்போது மென்மையாகவும் காற்றில் உலர்ந்தபின் செங்கல்லைப்போல் வன்மையாகவும் இருப்பது அதன் தன்மை. காரச்சத்து முற்றும் வடிந்து, இரும்பும் அலுமினியமும் மட்டும் எஞ்சிய மண்ணின் இறுதி வடிவம் அது. ஒரே மழை, ஒரே வெப்பம், ஒரே விதை ஆகிய மூன்றும் பொருந்திய இடத்தில் மண் மட்டும் வேறுபட்டமையால் விளைவு வேறுபட்டது. நடுவதற்குமுன் மண்ணை நோக்க வேண்டும் என்னும் பாடம் நிலம்பூரில் கிடைத்தது. நீலகிரியில் அப்பாடம் பின்பற்றப்படவில்லை.

நீலகிரியின் சோலையும் புல்வெளியும்

நீலகிரி மேட்டுநிலத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டா 2637 மீட்டர் உயரமுடையது. மேட்டின் மேற்கு விளிம்பில் ஆண்டு மழை 3000 மி.மீட்டருக்கு மேல் பெய்யும். கிழக்கே அது பெரிதும் குறையும். மலை முகடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி பரந்திருக்க, பள்ளங்களிலும் ஓடைக் கரைகளிலும் குறுமரக்காடு அடர்ந்திருப்பது இம்மேட்டின் தனி இயல்பு. அக்காட்டிற்குத் தமிழர் இட்ட சோலை என்னும் பெயரையே உலக வனவியல் நூல்கள் ஏற்றுக்கொண்டன. சாம்பியனும் சேத்தும் 1968-இல் திருத்தி வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டு நூலிலும் இக்காடு தென்னிந்திய மலைக்காட்டு வகையில் இடம்பெற்றுள்ளது.

இம்மேட்டின் பாறை சார்னோக்கைட்டு ஆகும். அதன்மேல் பன்னெடுங்காலச் சிதைவால் உருவான செம்புரை மண்ணும், அதற்கு மேலாகக் கருநிற மட்கு மண்ணும் உள்ளன. மேல்மண்ணின் கார அமில நிலை பெரும்பாலும் 4.5-க்கும் 5.5-க்கும் இடைப்பட்டது. பிரெஞ்சு மண்ணியலார் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள் இம்மண்ணின் வியத்தகு பண்பொன்றை வெளிப்படுத்தின. எரிமலைச் சாம்பலில் உருவாகும் மண்ணை ஒத்த பண்புகள் எரிமலையே இல்லாத இம்மேட்டில் காணப்பெற்றன. அமிலத்தால் விடுபட்ட அலுமினியமும் இரும்பும் மட்கோடு பிணைந்து, அம்மட்கு எளிதிற் சிதையாதவாறு காக்கின்றன. குளிரும் இதற்குத் துணைசெய்கிறது. இம்மண் எடை குறைந்தது, நுண்துளை மிகுந்தது, மழைநீரைப் பெருமளவில் ஏற்றுத் தேக்கி மெல்ல விடுவிப்பது. பயிருக்குக் குறையெனக் கருதப்பெறும் அமிலத் தன்மையே இங்கு மட்கையும் நீரையும் காக்கிறது.

புல்வெளி இயற்கையானதா, காடு அழிந்தபின் தோன்றியதா என்னும் விவாதம் நெடுநாள் நிகழ்ந்தது. சி. ஆர். ரங்கநாதன் 1938-இல் எழுதிய கட்டுரையில், குளிர்கால உறைபனி சோலை மரங்களின் இளங்கன்றுகளைப் புல்வெளியில் வளரவிடாது தடுக்கிறது எனவும், ஆதலால் சோலை, புல்வெளி இரண்டும் தத்தம் இடத்தில் நிலைபெற்றவை எனவும் கூறினார். அதே ஆண்டில் என். எல். போர் தீயும் மேய்ச்சலுமே புல்வெளிக்குக் காரணம் என்னும் கருத்தை முன்வைத்தார். இவ்விவாதம் புலமை அளவில் நின்றுவிடவில்லை. புல்வெளி அழிந்த காட்டின் எச்சம் என்றால் அங்கு மரம் நடுதல் திருப்பணியாகும். இயற்கையானது என்றால் அதுவே அழிவுப்பணியாகும்.

அயல்மரங்களின் வருகை

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு வந்தபின் ஐரோப்பியக் குடியிருப்புகள் பெருகின. விறகிற்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. 1843-இல் நீலகிரியில் யூகலிப்டசு நடப்பெற்றது. ஆஸ்திரேலிய வேலமரங்களும் அதற்கு அண்மைக் காலத்திலேயே வந்து சேர்ந்தன. மலைமக்கள் யூகலிப்டசைக் கற்பூர மரம் என்றும், வேல இனத்தைச் சீகை என்றும் தம் சொற்களாலேயே அழைத்தனர். உதகை, குன்னூர், வெலிங்டன் ஆகிய ஊர்களின் விறகுத் தேவைக்கெனத் தோட்டங்கள் அமைக்கப்பெற்றன. 1860-இல் கிளெமென்ட்சு மார்க்கம் கொணர்ந்த சின்கோனாக் கன்றுகளை மக்கைவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். காய்ச்சலுக்கு மருந்தாகும் அம்மரமும் பின்னர்ப் பரவிய தேயிலையும் அமில நிலத்தை விரும்புவன. அவற்றிற்கெனச் சோலை நிலம் திருத்தப்பெற்றது. விறகு மரங்களுக்குப் புல்வெளி ஒதுக்கப்பெற்றது.

இவ்வொதுக்கீட்டின் பின்னணியில் ஒரு வருவாய்த்துறைச் சொல் உள்ளது. உழப்படாத, வரி தராத புல்வெளி 'தரிசு' என்னும் பிரிவில் அடங்கியது. தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும், அவர்தம் மந்துகளும் கோயில்களும் அமைந்திருந்ததும், குறிஞ்சிச்செடி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்ததும் அப்பிரிவை மாற்றப் போதியவையாகவில்லை. சோலை என்னும் தமிழ்ச்சொல் அறிவியலில் ஏறியது. அதன் மறுபாதியாகிய புல்வெளிக்கு அத்தகைய பெயர் கிட்டவில்லை. பெயர் பெற்ற பாதி காப்பதற்குரியதாகவும் பெயர் பெறாத பாதி நிரப்புவதற்குரியதாகவும் கருதப்பட்டன.

ஆலைத் தேவையும் நீர்க் கணக்கும்

விடுதலைக்குப்பின் நடவு மேலும் விரிந்தது. தோல் பதனிடுவோர் மரபாகப் பயன்படுத்திய ஆவாரம்பட்டையோடு தென்னாப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியான சீகைப்பட்டைச் சாறும் பயன்பட்டு வந்தது. அயற்செலாவணியைக் காக்கும் பொருட்டுச் சீகை மரம் நீலகிரியிலும் பழனிமலையிலும் பேரளவில் நடப்பெற்றது. சிறுமுகையில் அமைந்த விஸ்கோசு ஆலைக்குக் கற்பூர மரம் கூழ்மரமாயிற்று. ஒவ்வொரு வெட்டிலும் மரத்திலும் பட்டையிலும் சேர்ந்த சுண்ணச்சத்து மலையை விட்டு நீங்கியது. புனம் எரித்தோர் சாம்பலை அவ்விடத்திலேயே விட்டனர். ஆலை மரத்தின் சாம்பலோ சத்தோ மலைக்குத் திரும்பவில்லை. வெட்டி நீக்கும் அளவு ஈடுசெய்யப்படாதபோது ஏற்கெனவே காரச்சத்து குறைந்த மண் மேலும் வறுமையுறும் என்பது எபர்மாயர் காலந்தொட்டு அறியப்பட்ட உண்மை.

சீகையின் விளைவு வேறு வகையானது. அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணில் சேர்க்கின்றன. வேளாண்மையில் இது நன்மை. வறிய மண்ணுக்குப் பழகிய மலைப்புல்லுக்கோ இதனால் தீமையே விளைகிறது. மிகுந்த நைட்ரசன் நைட்ரேட்டாக மாறி வடியும்போது எஞ்சிய காரச்சத்தையும் உடன்கொண்டு செல்கிறது. மண்ணின் அமிலம் கூடுகிறது. களைகள் எளிதிற் புகுகின்றன.

நீரைப் பற்றிய ஐயம் உதகமண்டலத்திலுள்ள மத்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தின் நீண்டகாலச் சோதனையால் தெளிவாயிற்று. கிளன்மார்கனில் அடுத்தடுத்த இரு சிறு நீர்ப்பிடிப்புகள் தேர்ந்தெடுக்கப்பெற்று 1968 முதல் அளக்கப்பெற்றன. 1972-இல் அவற்றுள் ஒன்றின் 59 விழுக்காட்டுப் பரப்பில் கற்பூர மரம் நடப்பெற்றது; மற்றொன்று புல்வெளியாகவே விடப்பெற்றது. முதற்சுற்று நடவில் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. அடிமரத்திலிருந்து துளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு 25.4 விழுக்காடாயிற்று. மரம் அகவை கூடக்கூட வேர் ஆழ்ந்து, மழையற்ற மாதங்களில் ஓடைக்கு வர வேண்டிய நீரையும் குடித்தது. 1932-இல் தொடங்கிய பைக்காரா மின்திட்டமும் பின்னர் அமைந்த குந்தா மின்திட்டமும் இம்மேட்டின் நீரை நம்பியவை. பவானியாற்றின் நீரும் இங்கிருந்தே பெருமளவு பெறப்படுகிறது. தரிசு எனப்பட்ட நிலம் உண்மையில் கீழுள்ள வயல்களுக்கும் மின்நிலையங்களுக்கும் நீர் வழங்கும் தேக்கமாக இருந்தமை இச்சோதனையால் எண்களாக வெளிப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் புல்வெளிகளில் புதுநடவு நிறுத்தப்பட்டது. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை, ஆலைத் தேவையைவிடச் சூழற் சமநிலைக்கு முதலிடம் தந்தது.

அமிலம் காத்த வரலாறு

புல்வெளியின் தொன்மை குறித்த விவாதத்திற்கு விடை மண்ணிலிருந்தே கிடைத்தது. நீலகிரியின் பள்ளத்தாக்குகளில் நீர் தேங்கிய சதுப்புகள் உள்ளன. குளிரும் அமிலமும் காற்றின்மையும் சேர்ந்து அங்கு இலை, தண்டுகளை முற்றும் மட்கவிடாது தடுத்தமையால் பீட் எனப்படும் முற்றா நிலக்கரிப் படிவு அடுக்கடுக்காகத் திரண்டது. சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் இப்படிவிலுள்ள கரியின் ஓரிடத்தான்களை அளந்து 1993-இல் முடிவுகளை வெளியிட்டனர். மரங்களும் மலைப்புற்களுட் பெரும்பகுதியும் வெவ்வேறு முறையில் ஒளிச்சேர்க்கை செய்வதால் அவை விட்டுச்செல்லும் கரியின் ஓரிடத்தான் விகிதம் வேறுபடும். அதனைக் கொண்டு எக்காலத்தில் எவ்வகைத் தாவரம் மிகுந்திருந்தது என்பதை அறியலாம்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுக்கு முற்பட்ட வறண்ட பனிக்காலத்தில் புல்வகை மேலோங்கியிருந்தது. ஏறத்தாழ 11,000 ஆண்டுக்கு முன் ஈரம் மிகுந்தபோது அந்நிலை மாறியது. 6000 முதல் 3500 ஆண்டுக்கு முற்பட்ட காலத்தில் வறட்சி மீண்டது. காலநிலை மாறுந்தோறும் சோலையும் புல்வெளியும் விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளன. மேட்டில் உழவு பரவுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுக்கு முன்பே அங்குப் புல் இருந்தது. எனவே, புல்வெளி முழுவதும் மனிதர் அழித்த காட்டின் எச்சம் என்னும் கருத்து நிலைபெறவில்லை. தீயும் மேய்ச்சலும் பிற்காலத்தில் அதன் எல்லைகளை மாற்றியிருத்தல் கூடும். பழுதெனக் கருதப்பட்ட அமிலமே இச்சான்றைக் கெடாது காத்துவைத்தது என்பது கருதத்தக்கது.

மீட்டெடுப்பும் சிக்கல்களும்

முக்குருத்தி 1982-இல் வரையாட்டிற்கான சரணாலயமாகவும் 1990-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பெற்றது. தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் ஊடுருவு தாவரங்களையும் சூழல் மீட்டெடுப்பையும் பற்றிய கொள்கையை வெளியிட்டது. எனினும் மரத்தை வெட்டிவிட்டால் புல்வெளி திரும்பிவிடும் எனக் கருதுதல் பிழையாகும். சீகையின் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடக்கும். வெட்டிய இடத்தில் வெயிலோ தீயோ பட்டவுடன் கன்றுகள் அடர்த்தியாக எழும். நைட்ரசன் மிகுந்த மண்ணில் பழைய புல் பின்தங்கிக் களை முந்தும். சரிவில் மரத்தை வேரோடு பெயர்த்தால் மட்கு மண் மழையில் கரைந்தோடும்.

சில இடங்களில் நிலை வேறு. பழைய சீகைத் தோப்பின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமே முளைத்துள்ளன. பழனிமலையில் 40 ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரு பங்கு மறைந்தமையைச் செயற்கைக்கோள் படங்களின் துணையால் 2018-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே எஞ்சிய புல்வெளியைக் காப்பதும், புதிதாகச் சீகை நுழைந்த விளிம்புகளைத் தூய்மை செய்வதும் முதற்கடமையாகும். முதிர்ந்த தோப்புகளில் அவசரம் வேண்டுவதில்லை.

உருளைக்கிழங்கு வயலில் செய்வதுபோல் சுண்ணாம்பிட்டு அமிலத்தைத் தணிக்கலாகாதா என்னும் வினாவும் எழக்கூடும். வயலுக்கு அது ஏற்றது. காட்டு மண்ணிலோ சுண்ணாம்பு நுண்ணுயிர்களைத் தூண்டி மட்கை விரைந்து சிதைக்கும். அமிலத்தை நம்பி வாழும் புல்லுக்கும் சோலைக்கும் இடர் செய்யும். திருத்த வேண்டிய மண் எது, விட்டுவிட வேண்டிய மண் எது என்று பிரித்தறிவதே இங்கு வேண்டப்படும் ஆளுகை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, காட்டிலுள்ள அமில நிலம் வறிய நிலமன்று. அதன் வளம் சருகிலும் மட்கிலும் சுழல்வது. அச்சுழற்சியிலிருந்து எதனை, எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம் என்பதே வனமேலாண்மையின் அடிப்படை வினா. இரண்டு, சங்ககாலப் புனவேளாண்மை முதல் நிலம்பூர், நீலகிரித் தோட்டங்கள் வரை இவ்வினாவிற்கு அளிக்கப்பெற்ற விடைகள் வேறுபட்டன. இதை, முதை என்னும் சொற்கள் நிலத்திற்கு ஓய்வுக்காலம் உண்டு என்னும் அறிவைக் காட்டுகின்றன. தரிசு என்னும் பதிவேட்டுச் சொல் அவ்வறிவை மறைத்தது. மூன்று, நீலகிரிப் புல்வெளியின் அமில மண் மட்கையும் நீரையும் பழங்காலச் சான்றையும் ஒருங்கே காக்கும் கருவூலமாகும்.

இன்று கரிக்காற்றைக் குறைக்கும் பொருட்டு நாடெங்கும் மரம் நடும் திட்டங்கள் பெருகி வருகின்றன. வெற்று நிலம் எனக் கணக்கெடுப்பவரின் பார்வையில் புல்வெளிகள் மீண்டும் அகப்படுகின்றன. அத்தகைய நிலங்களின் மட்கில் பெருமளவு கரி ஏற்கெனவே அடங்கியுள்ளது. அங்கு மரம் நடக் குழி தோண்டுமுன் அம்மண்ணைச் சோதிப்பதும், அந்நிலத்திற்கு உள்ளூர் மக்கள் இட்ட பெயரைக் கேட்டறிவதும் வேண்டும். பின்னைய பணியில் தமிழியல் ஆய்வாளர்க்குரிய பங்கு பெரிது. மலைவாழ் மக்களின் வழக்கில் மண்ணையும் புல்லையும் புனத்தின் அகவையையும் குறித்து வழங்கும் சொற்கள் தொகுக்கப்பெற்று, சங்கச் சொற்களோடு ஒப்புநோக்கப்பெறுதல் வேண்டும். அத்தொகுப்பு திணை ஆய்விற்கும் வனத்துறைக்கும் ஒருங்கே பயன்படும்.